ஒல்வென் பார்த்த நீலம்

பிப்ரவரி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை மெல்கோட் மாளிகையின் பக்கவாசல் கதவைப் பூட்டுவது ஒல்வென் ப்ரோசரின் வேலை. விடிந்ததும் பூட்டுவார், பொழுது சாய்ந்ததும் திறந்துவிடுவார். மற்ற நாளெல்லாம் அந்தக் கதவு கொக்கி மட்டும் போட்டு நிற்கும். மேலைத் தெருக்காரர்கள் நாங்கள் கோயிலுக்கு, அதாவது ஊரின் பழைய தேவாலயத்துக்குப் போனாலும், பேருந்துக்குப் போனாலும், அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு மாளிகையின் புல்வெளிக்குக் குறுக்கே நடந்துதான் போவோம். அந்த ஒரு செவ்வாய் மட்டும் லாரிகள் சீறும் சாலையைச் சுற்றிக்கொண்டு, முனகியபடி போவோம்.

ஒல்வெனுக்கு முன்னால் அவருடைய அப்பா பூட்டினார். அந்தக் கதவை ஒட்டிய காவல் வீட்டில்தான் ஒல்வென் பிறந்தார். எதற்குப் பூட்டுகிறோம் என்று சிறுமியாக இருந்தபோது ஒரு தரம் கேட்டாராம். "கதவுக்கும் ஒரு நாள் லீவு வேணாமா?" என்றாராம் அப்பா. அதோடு சரி. அன்று மாலை மாளிகையின் சொந்தக்காரி மிஸ் வென்லோ ஒரு பிளம் கேக் கொடுத்தனுப்புவார். கேக்கை வீட்டோடு உட்கார்ந்து தின்பார்கள். அப்பா இறந்தபோது ஒல்வெனுக்கு இருபத்தொன்பது வயது. சாவியும் அவர் கைக்கு வந்தது. மாளிகையைத் துடைத்துப் பெருக்கும் வேலையும் வந்தது. கேக்கும் நிற்கவில்லை.

அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. மற்றவர் நிலத்தில் ஊர் மக்கள் இருபது ஆண்டுகள் யாரும் தடுக்காமல் நடந்தால் அது பொதுவழியாகிவிடும். நிலத்துக்காரர் ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் அடைத்துவிட்டால் போதும். மீதி நாளெல்லாம் நடந்தது அவர் தயவில் நடந்ததாகிவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை, முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களை அழித்துவிடும். இதை எங்கள் ஊரில் யாரும் அறிந்திருக்கவில்லை. மிஸ் வென்லோ இறந்து, அவருடைய அண்ணன் மகன் லண்டனிலிருந்து வந்து, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சொல்லி அந்தக் கதவில் சங்கிலி போட்ட பிறகுதான் அறிந்துகொண்டோம்.

அதை ஊருக்குச் சொன்னவன் நான். என் பெயர் எல்லிஸ். அப்பா டிராக்டர் ஓட்டினார், அம்மா கோழி ஆலையில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. கார்டிஃபில் வரலாறு படித்து, ஹியர்ஃபோர்டில் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் வேலையில் இருந்தேன். பட்டமளிப்பு அங்கியில் நான் நிற்கிற படத்தை அம்மா மதுக்கடையில்கூட மாட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால் வழக்கு என்று வந்ததும் ஊர் என்னைத்தான் தேடி வந்தது.

மதுக்கடையின் பின்னறையில் கூட்டம். நான் சட்டத்தைச் சொல்லி முடித்ததும் எல்லாத் தலைகளும் ஒல்வென் பக்கம் திரும்பின. அவர் கணவர் லென்னோடு சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். லென்னுக்குக் கண் மங்கிப் போய் மூன்று வருடம். கார் ஓட்டுவதை விட்டாகிவிட்டது. மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் புல்வெளிப் பாதையில் நடப்பதுதான் அவருக்கு வெளியுலகம். லாரிச் சாலையில் அவர் நடக்க முடியாது.

"அப்போ அந்தப் பாதையத் தொலைச்சது நான்தானா?" என்றார் ஒல்வென்.

ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிற டட்லி பவல்தான் தொண்டையைச் செருமினார். "இதப் பாரு ஒல்வென். விசாரணைல உன்னக் கூப்பிட்டா ஞாபகம் இல்லேன்னு சொல்லிடு. அறுபத்தாறு வயசு. எவன் தப்பு சொல்லப் போறான்?"

"உன் கல்யாணத்துல நீ குடிச்சிட்டு வாத்துக் குளத்துல விழுந்தது ஞாபகம் இருக்கு. உங்க அம்மா உன்ன எந்தக் கால் செருப்பால அடிச்சாங்கன்னும் ஞாபகம் இருக்கு. இது மட்டும் எப்படிடா மறக்கும்?"

"சிரிக்கிற விஷயமில்ல."

"நானும் சிரிக்கல. பூட்டினேன். கேட்டா பூட்டினேன்னுதான் சொல்வேன்."

அன்றிலிருந்து அவரோடு பேச்சுக் குறைந்தது. யாரும் திட்டவில்லை. கடையில் அவர் நுழைந்தால் வானிலையைப் பற்றிப் பேச்சு மாறும். வியாழக்கிழமைச் சீட்டாட்டத்தில் முப்பது வருடம் அவருக்கு எதிரே உட்கார்ந்தவள் வேறு மேசைக்குப் போனாள். எங்கள் ஊரில் இதற்கு மேல் தண்டனை கிடையாது.

இனி ஒரே வழிதான் இருந்தது. மாளிகைக்காரர்கள் பூட்டத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே அது பொதுவழியாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். ஒரு முறை பொதுவழியானது என்றைக்கும் பொதுவழிதான். பூட்டால் அதை அழிக்க முடியாது. புதிய வென்லோவின் தரப்போ, அவருடைய தாத்தா தன் வேலைக்காரர்களுக்காகப் போட்ட பாதை அது என்றது. காப்பகத்தில் எட்டு மாதம் தேடினேன். கிடைத்தது ஒரே ஒரு வரி. ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்றாம் வருடத்து ஊர்ச்சபைப் பதிவில், 'மூன்று எல்ம் மரத்தடியில், கோயில் வழியில் உள்ள, வேலி தாண்டும் மரப்படியை ஊரார் செலவில் செப்பனிட வேண்டும்' என்று எழுதியிருந்தது. ஊரார் செப்பனிட்டால் அது ஊர் வழி. ஆனால் மூன்று எல்ம் எங்கே? நோய் வந்து நாட்டில் எல்ம் மரங்களெல்லாம் செத்து அரை நூற்றாண்டாகிறது. அந்த வரி எந்த வேலியைச் சொல்கிறது என்று காட்ட ஒரு சுள்ளிகூட மிஞ்சவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஒல்வென் என்னை மாளிகைக்கு வரச் சொன்னார். "பட்டம் வாங்கின கண்ணுக்கு ஒண்ணு காட்டணும். செருப்பக் கழட்டிட்டு வா, இப்பத்தான் தரையத் தொடச்சேன்."

கிழக்கு அறைச் சுவரில் ஒரு சிறிய பச்சைத் திரை தொங்கியது. அதை அவர் இரண்டு விரலால் ஒதுக்கினார். உள்ளே ஒரு நீர்வண்ண ஓவியம், ஒரு தேநீர்த் தட்டின் அளவுதான் இருக்கும். அதற்குள் மெல்கோட் முழுவதும் இருந்தது. மாளிகையின் நாற்பது சன்னல்கள், ஏரி, ஏரிக்கரையில் மான்கள், மான் ஒன்று தலை குனிந்து தண்ணீர் குடிப்பதால் எழுந்த வளையம். தூரத்தில் கோயில் கோபுரம் ஒரு நகக்கண் அளவு. அதற்கும் அப்பால், ஈரத் தூரிகை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போன இடத்தில், வேல்ஸ் மலைகள். நான் பிறந்து வளர்ந்த இடத்தை, நான் பிறப்பதற்கு நூற்று எண்பது வருடத்துக்கு முன்னால், யாரோ ஒருவர் மழைக்கு முன் முடித்துவிட வேண்டுமென்ற அவசரத்தில், தண்ணீராலேயே பிடித்து வைத்திருந்தார்.

படத்தின் பெயர் மரச்சட்டத்தில் அடித்த பித்தளைத் தகட்டில் இருந்தது: 'மெல்கோட், மாலை நேரம்'. வானம் முழுக்க மங்கிய செம்பழுப்பு.

"இங்க பாரு" என்று ஒல்வென் விரலைப் படாமல் நீட்டினார். கோபுரத்திலிருந்து ஒரு வெளிறிய கோடு புல்வெளி வழியே இறங்கி, படத்தின் கீழ் விளிம்புக்கு வந்து, சட்டத்துக்கு உள்ளே சுற்றிலும் வைத்திருந்த தடித்த அட்டைக்கு அடியில் மறைந்தது. "நம்ம பாதை."

எனக்குத் தெரிந்ததை நான் சொல்லாமல் விட்டதில்லை. அன்றும் சொன்னேன். "மிஸஸ் ப்ரோசர், அந்தக் காலத்து ஓவியருங்க முதலாளிக்குப் புடிச்ச மாதிரி மலைய உயர்த்துவாங்க, மரத்த நகர்த்துவாங்க. கோர்ட்ல இது நிக்காது. அதோட அங்க பெயின்டே இல்ல. வெறும் காகிதம். முடிக்காம விட்டிருக்காரு."

"ஏரில இருக்கற அன்னமும் வெறும் காகிதம்தான். நல்லாப் பாரு. கோயில் சுவரும் அப்படித்தான். இந்தாளு வெள்ளைப் பெயின்டே வச்சுக்கல. எங்க வெள்ளையோ அங்க தூரிகையத் தொடாம விட்டிருக்காரு. விட்டதுதான் கண்ணு, வரைஞ்சது."

அருகில் போய்ப் பார்த்தேன். ஏரியில் நாலு அன்னங்கள். நாலும் தொடாத காகிதம். சுற்றியிருந்த தண்ணீரை வரைந்து அன்னத்தை விட்டுவிட்டிருந்தார். முப்பத்தேழு வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கண்ணாடியைத் துடைத்தவருக்கு இது தெரிந்திருந்தது. என் மூன்று வருடப் படிப்புக்குத் தெரியவில்லை.

"இன்னொண்ணு. இது சாயங்காலம் இல்ல. காலை."

"தகட்டுல போட்டிருக்கே."

"தகடு அப்புறம் அடிச்சது. பத்தொம்பது வருஷத்துக்கு முன்ன கண்ணாடி விரிசல் விட்டுச்சு. ஹியர்ஃபோர்ட்லேருந்து சட்டம் போடறவர் வந்து, இதே மேசைல பிரிச்சாரு. நான் டீ கொண்டாந்தேன். அட்டையத் தூக்கினாரு பாரு, அதுக்கு அடில சுத்திவர ஒரு விரல் அகலத்துக்கு வானம் நீலமா இருந்துச்சு. எல்லிஸ், அப்படி ஒரு நீலத்த நான் பாத்ததே இல்ல. வெளிச்சம் தின்னுடுச்சும்மா மீதிய, அப்படின்னாரு. கீழ் ஓரத்துல ஆளுங்க இருந்தாங்க. நடந்து வர்ற ஆளுங்க. டீ ஆறுறதுக்குள்ள மூடிட்டாரு. மிஸ் வென்லோவுக்குச் செவப்பு வானம்தான் புடிக்கும்."

அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. குற்ற உணர்ச்சி ஒருவரை எதையும் பார்த்ததாக நம்பவைக்கும் என்று நினைத்தேன். அதைப் பக்குவமாகச் சொல்லவும் செய்தேன். ஒல்வென் திரையை இழுத்து மூடினார்.

"சரி கண்ணு. செருப்ப மாட்டிக்க."

ஜூலையில் ஊர் மன்றத்தில் விசாரணை நடந்தது. தரையில் பூப்பந்துக் கோடுகள், மூலையில் தேநீர்க் கொதிகலன். விசாரணை அதிகாரி மிஸஸ் ஆட்கின் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியவர், மேசைக்கு அடியில் சேறு காய்ந்த நடைக்காலணி போட்டிருந்தார். இரண்டாம் நாள், வென்லோ தரப்பு வழக்கறிஞர் செல்விக், ஒல்வெனைச் சாட்சியாக அழைத்தார். ஊர் மொத்தமும் பின்னால் உட்கார்ந்திருந்தது. லென் முதல் வரிசையில், மனைவியின் குரல் வரும் திசைக்கு முகத்தைத் திருப்பியபடி.

"வருஷா வருஷம் அந்தக் கதவப் பூட்டினீங்களா மிஸஸ் ப்ரோசர்?"

"பூட்டினேன்."

"ஒரு வருஷமாவது விட்டுப் போச்சா?"

பின்வரிசையில் டட்லி முன்னால் சாய்வது எனக்குத் தெரிந்தது.

"ஒரு வருஷம் காய்ச்சல்ல கெடந்தேன்."

செல்விக்கின் பேனா நின்றது. மன்றத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"லென் போய்ப் பூட்டிட்டு வந்தாரு" என்றார் ஒல்வென்.

"அடப் பாவி மனுஷி" என்று டட்லி முனகியது எல்லாருக்கும் கேட்டது. அதிகாரி தலை நிமிர்ந்து பார்த்ததும் அடங்கினார்.

செல்விக் நன்றி சொல்லி உட்காரப் போனார். ஒல்வென் எழுந்திருக்கவில்லை. "மேடம், இவரு கேட்டதுக்கு நான் உண்மையச் சொன்னேன். இப்ப நான் ஒண்ணு கேக்கலாமா?"

"சொல்லுங்க."

"நான் பூட்டினது என் அப்பா பூட்டினதால. அவரு பூட்டினது யாரோ சொன்னதால. அதுக்கெல்லாம் முன்னாடி அந்த வழி இருந்துச்சு. மாளிகைல ஒரு படம் இருக்கு. அதுல பாதிதான் வெளிய தெரியும். மீதி அட்டைக்கு அடில இருக்கு. பத்தொம்பது வருஷத்துக்கு முன்ன ஒரு டீ ஆறுற நேரம் பாத்தேன்: அப்படி ஒரு நீல வானம், கீழ நடந்து வர்ற ஆளுங்க. சட்டத்தப் பிரிச்சுப் பாருங்க."

செல்விக் எழுந்தார். பழைய, மெல்லிய காகிதம், விலைமதிப்பற்றது, சாட்சி கண்டதாகச் சொல்வது பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு கோப்பைத் தேநீரின் நேரம் என்று அழகாகப் பேசினார். நானே அவர் இடத்தில் இருந்தால் அதையேதான் பேசியிருப்பேன். அதிகாரி மிஸ்டர் வென்லோவைப் பார்த்தார். படம் அவருடையது. அவர் சம்மதமில்லாமல் யாரும் தொட முடியாது.

வென்லோ மெல்லிய மனிதர், எப்போதும் ஜலதோஷம் பிடித்தவர்போல் இருப்பார். ஒல்வென் பக்கம் திரும்பினார்.

"அப்படி ஒரு நீலமா?" என்றார்.

"ஆமா சார்."

"அத்தை எங்கிட்டச் சொன்னதே இல்ல." கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தார். "பிரிங்க. எனக்கும் பாக்கணும்."

மறுநாள் காலை கிழக்கு அறையில் பன்னிரண்டு பேர் நின்றோம். அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். மென்மையான துணி விரித்து, படத்தைக் குப்புறக் கிடத்தி, முதுகுப் பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். லென்னின் காதில் ஒல்வென் நடப்பதைச் சொல்லிக்கொண்டே வந்தார்: இப்ப பலகைய எடுக்கறாங்க, இப்ப திருப்பறாங்க.

அந்தப் பெண் அட்டையைத் தூக்கினார்.

ஒல்வென் சொல்வதை நிறுத்திவிட்டார்.

எப்படி எழுதுவது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. செம்பழுப்பு வானத்தின் மேல் விளிம்பில் ஒரு விரல் அகல நீலம். மே மாதக் காலை, மழை பெய்து ஓய்ந்த மறு நிமிடம் எங்கள் மலைக்கு மேல் தோன்றுமே, அதே நீலம். அவுரிச் செடியில் எடுத்த அந்த நிறம் வெளிச்சம் பட்டால் சாகும் என்று அருங்காட்சியகப் பெண் மெதுவாகச் சொன்னார். பட்ட இடமெல்லாம் செத்திருந்தது. இருட்டில் கிடந்த இந்த விரல் அகலம் மட்டும் இருநூறு வருடமாக இன்னும் அந்த ஒரே காலையிலேயே இருந்தது. ஓரத்துப் புல்லும் மஞ்சளாக இல்லை, பச்சையாக இருந்தது. ஒரு மாளிகை முழுவதும் பொய்யான சாயங்காலத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறது.

"கீழ" என்று ஒல்வென் கிசுகிசுத்தார். "கீழ பாருங்க."

வெளிறிய கோடு கீழ் ஓரத்தில் அகலமாகி வந்து, ஒரு வேலியில் ஏறி இறங்கும் மரப்படியில் முடிந்தது. அதன் வழியாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சிவப்புச் சால்வை போட்ட ஒருத்தி, தோளில் குழந்தை வைத்த ஒருவன், பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துப் படியில் கால் வைக்கிற ஒரு கிழவி. ஒவ்வொருவரும் ஓர் அரிசி அளவு. பதினொரு பேர் என்று எண்ணினேன். படிக்குப் பக்கத்தில் மூன்று எல்ம் மரங்கள். அதற்கும் கீழே, தூரிகை துடைத்த கறைகளுக்கு நடுவில், பென்சிலில் சாய்ந்த எழுத்து: 'ஞாயிறு காலை. ஊரார் கோயில் வழியே வருகிறார்கள். இவர்களை மறைத்துவிடச் சொன்னார்.'

மறைத்துவிடச் சொன்னார். சொன்னவர் அந்தக் காலத்து மாளிகைக்காரராகத்தான் இருக்க வேண்டும். ஓவியர் மறைத்தார், ஆனால் அழிக்கவில்லை.

எட்டு மாதம் தேடிய மூன்று எல்ம் மரங்கள் அங்கே இலையோடு நின்றன. ஊர்ச்சபைப் பதிவின் நகலைப் பையிலிருந்து எடுத்து அதிகாரியிடம் நீட்டினேன். அவர் வரியைப் படித்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி படித்தார். அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வெளிய போய் நிலத்தப் பாத்துட்டு வரலாம்" என்று மட்டும் சொன்னார். அந்தக் காலணி எதற்கென்று அப்போது புரிந்தது.

எல்லாரும் அறையை விட்டுப் போன பிறகும் ஒல்வென் நின்றுகொண்டிருந்தார்.

"மிஸஸ் ப்ரோசர்" என்றேன். "நான் உங்கள நம்பல."

"தெரியும். செருப்ப மாட்டிக்கச் சொன்னேன்ல." அவர் கண் படத்தை விட்டு நகரவில்லை. "அந்தக் கெழவி கால் வைக்கிறதப் பாரு எல்லிஸ். முட்டி வலி. ஒரு புள்ளி பெயின்ட்ல முட்டி வலிய எப்படிய்யா வைச்சான்?"

தீர்ப்புக் கடிதம் நவம்பரில் வந்தது. படம் மட்டும் இருந்தால் போதாது, பதிவு மட்டும் இருந்தாலும் போதாது, இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுவதால் போதும் என்று எழுதியிருந்தார் மிஸஸ் ஆட்கின். கோயில் வழி பொதுவழி. வென்லோ தன் கையாலேயே சங்கிலியைக் கழற்றினார்.

அவருக்கு இன்னொரு ஆசை இருந்தது. அட்டையை அகலமாக வெட்டி, அந்த நீலமும் ஆட்களும் தெரியும்படி மாட்ட வேண்டும், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்றார். ஒல்வெனிடம்தான் கேட்டார்.

"வேணாம் சார். அதே அளவுக்கு மூடி வைங்க."

"யாருமே பாக்காம எதுக்கு மிஸஸ் ப்ரோசர்?"

"பாக்கப் பாக்கத்தான செத்துச்சு. ஃபோட்டோ எடுத்து மாட்டுங்க, ஜனங்க பாக்கட்டும். அவங்க உள்ள இருக்கட்டும்."

மூடினார்கள். பச்சைத் திரையும் பழையபடி விழுந்தது. தகட்டை மட்டும் வென்லோ கழற்றிவிட்டார்.

பிப்ரவரி வந்தது. முதல் செவ்வாய், தரையெல்லாம் உறைபனி. விடியும்போதே நான் பேருந்துக்குப் புறப்பட்டேன். கதவடியில் ஊர் பாதி நின்றிருந்தது. யாரும் யாரையும் அழைக்கவில்லை. ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி நாயை நடத்த, ஒருத்தர் செய்தித்தாள் வாங்க. சீட்டாட்டத்தில் மேசை மாறிப் போனவள் துணி போர்த்திய ஒரு தட்டோடு நின்றாள்.

ஒல்வென் லென்னை முழங்கையில் பிடித்தபடி வந்தார். பழக்கத்தில் சாவியையும் எடுத்து வந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அதை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

டட்லி கதவில் சாய்ந்து நின்றார். "என்ன, பூட்டப் போறியா?"

"நீ உள்ள போ. அப்புறம் பூட்டறதப் பத்தி யோசிக்கிறேன்."

லென் சிரித்தார். டட்லி கொக்கியைத் தூக்கிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். ஒல்வென் லென்னை நடத்திக்கொண்டு முதலில் நுழைந்தார், நாங்கள் பின்னால் போனோம். பனி படிந்த புல்லில் பாதை மட்டும் எதுவும் தொடாத வெள்ளையாக, கோபுரம் வரைக்கும் கிடந்தது. பாதி வழியில் ஒல்வென் நின்று திரும்பிப் பார்த்தார். எங்களை எண்ணுகிறார் என்று தெரிந்தது. அவருடைய உதடு அசைந்தது.

"எத்தன பேரு?" என்று லென் கேட்டார்.

"நெறைய" என்றார் ஒல்வென். "வரைய முடியாது."